கல்யாண வீட்டு வீடியோ ரூட்டருக்குப் பட்டன் பலகை அமைக்கும் முறை

மூன்று கேமரா, ஒரு எல்இடி வால் (பெரிய திரை) என்றிருந்தவரை கேமராப் படங்களை மாற்றிக் காட்டும் வீடியோ மிக்சர் ஒன்றே போதுமானதாக இருந்தது. இப்போது காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் வீட்டுக் கல்யாணம் என்றால் தெருப் பந்தலில் ஒரு எல்இடி, வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) ஒன்று, பந்தியில் டிவி, மேளக்காரருக்கு ஒரு மானிட்டர், வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு யூடியூப் லைவ் என்று ஆறேழு இடங்களுக்குப் படம் போக வேண்டியிருக்கிறது. எல்லா இடத்துக்கும் ஒரே படம் போதாது. பந்தியில் அழைப்பிதழ் ஸ்லைடு ஓட வேண்டும், பந்தலில் முகப்பு கேமரா தெரிய வேண்டும், திருப்பூட்டு (தாலி கட்டும்) நேரத்தில் எல்லாத் திரையும் ஒன்றுக்கு வர வேண்டும். இந்த மாற்றங்களை வீடியோ ரூட்டர் செய்கிறது. ரூட்டரை விரல்நுனியில் வைத்து இயக்கத்தான் பட்டன் பலகை.

புதிதாக அமைப்பவர்கள் பெரும்பாலும் பலகையைக் கையில் எடுத்ததும் பட்டனுக்குப் பெயர் வைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தவறான திரைக்குத் தவறான படம் போவது அங்கேதான் ஆரம்பிக்கிறது. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள்.

1. முதலில் தாளில் எழுதுங்கள்

பேரேட்டில் வரவும் பற்றும் எழுதுவது போல இடப்பக்கம் இன்புட், வலப்பக்கம் அவுட்புட் என்று ஒரே தாளில் எழுதுங்கள். ஒரு நடுத்தரமான வீட்டுக் கல்யாணத்துக்குப் பட்டியல் ஏறத்தாழ இப்படி இருக்கும்.

இன்புட்: 1 வளவு மணமேடை நெருக்கம், 2 வளவு அகலம், 3 முகப்பு, 4 வயர்லெஸ் கிம்பல், 5 ஸ்லைடு லேப்டாப், 6 மிக்சர் ப்ரோகிராம் (மிக்சர்காரர் தேர்ந்த படம்), 7 மிக்சர் மல்டிவியூ (எல்லாக் கேமராவும் ஒரே திரையில்), 8 கறுப்பு.

அவுட்புட்: 1 வளவு எல்இடி, 2 பந்தல் எல்இடி, 3 பந்தி டிவி, 4 மேளக்காரர் மானிட்டர், 5 ரெக்கார்டர், 6 லைவ் என்கோடர் (படத்தை இணையத்துக்கு அனுப்பும் பெட்டி), 7 சோதனை மானிட்டர்.

ஒரு இன்புட்டை எத்தனை அவுட்புட்டுக்கும் அனுப்பலாம். ஆனால் ஒரு அவுட்புட்டில் ஒரு நேரத்தில் ஒரு இன்புட்தான் இருக்கும். பட்டன் அமைப்பு முழுவதும் இந்த விதியில் நிற்கிறது. அதனால்தான் பலகையில் "எங்கே" என்பது முதலிலும் "எது" என்பது அடுத்தும் வருகிறது.

எட்டாவது இன்புட்டைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒன்றும் செருகாத இன்புட்டைத் திரைக்கு அனுப்பினால் கறுப்பு வராது. சிக்னல் இல்லை என்ற எழுத்தோ, நீலத் திரையோ, எல்இடி ப்ராசஸர் கம்பெனியின் லோகோவோதான் ஊர் பார்க்க வரும். மிக்சரின் ஆக்ஸ் அவுட்டில் (கூடுதல் அவுட்புட்டில்) கறுப்பை வைத்து அதை ஒரு இன்புட்டாகவே கொண்டுவாருங்கள்.

நான்காவது அவுட்புட்டும் முக்கியம். மேளக்காரர் முகப்பிலோ திண்ணையிலோ அமர்ந்தால் வளவில் நடப்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. கெட்டிமேளத்துக்கு ஆள் கைகாட்ட, அதைப் பார்த்து இன்னொருவர் கைகாட்ட, தவில் இரண்டு வினாடி பிந்தும். அவர் முன்னால் ஒரு சின்ன மானிட்டர் வைத்து மணமேடை நெருக்கக் கேமராவை நேரடியாகக் கொடுங்கள். ப்ரோகிராமைக் கொடுக்காதீர்கள். அந்த நொடியில் மிக்சர்காரர் வேறு கேமராவுக்கு வெட்டியிருந்தால் மானிட்டர் இருந்தும் பயனில்லை. லைவ் வரும் செல்போனைக் காட்டுவதும் உதவாது. யூடியூப் படம் பல வினாடி தாமதமாகத்தான் வரும். ரூட்டர் வழியே போகும் எஸ்டிஐ (கேபிளில் நேராக வரும்) படத்தில் கண்ணுக்குத் தெரியும் தாமதம் இல்லை.

2. எந்த ரூட்டர், எந்தப் பலகை, என்ன செலவு

மேலே உள்ள பட்டியலுக்கு 10க்கு 10 ரூட்டர் போதும். இன்புட் பக்கம் இரண்டும் அவுட்புட் பக்கம் மூன்றும் மிச்சம் இருக்கும். அந்த மிச்சம் அவசியம், ஏனென்றால் கல்யாணத்தன்று காலையில் "இரண்டாங்கட்டுலயும் ஒரு டிவி போடுங்க" என்று, வளவுக்கு அடுத்த முற்றத்தைக் காட்டி, யாராவது கேட்பார்கள். ஐந்து கேமராவுக்கு மேல் போனால் 20க்கு 20 எடுங்கள். நம் ஊர் யூனிட்களில் அதிகம் புழங்குவது பிளாக்மேஜிக் வீடியோஹப். கீழே சொல்லும் அமைப்பு அதை வைத்தே எழுதப்பட்டது.

பலகையில் இரண்டு வழி உண்டு. ஒன்று, ரூட்டர் கம்பெனியே தரும் தனிப் பலகை. கணினி வேண்டாம், நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் எடுத்துக்கொள்ளும், பட்டன் மூடியைக் கழற்றி உள்ளே பெயர்ச்சீட்டு வைக்கலாம். விலை அதிகம், ஆனால் அது வேறு எதையும் செய்யாது என்பதே அதன் பலம். மற்றது, எல்கேட்டோ ஸ்ட்ரீம் டெக் என்ற பட்டன் பெட்டியும் பிட்ஃபோகஸ் காம்பேனியன் என்ற இலவச மென்பொருளும். 15 பட்டன் டெக் பத்தாயிரத்துக்கும் இருபதாயிரத்துக்கும் நடுவே கிடைக்கும். 32 பட்டன் எக்ஸ்எல் ஏறக்குறைய அதன் இரு மடங்கு. பட்டனில் பெயர் மாறும், நிறம் மாறும், மிக்சரையும் ரெக்கார்டரையும் அதே டெக்கில் இயக்கலாம். ஆனால் பின்னால் ஒரு லேப்டாப்போ ராஸ்ப்பெரி பை என்ற சின்னக் கணினியோ ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் முறை அமைப்பவர்களுக்கு 32 பட்டன் டெக்கைத்தான் பரிந்துரைப்பேன். 15 பட்டனில் ஏழு அவுட்புட்டும் எட்டு இன்புட்டும் வைத்தாலே பலகை நிரம்பிவிடும். மேக்ரோவுக்கு (ஒரே தொடலில் பல மாற்றம் செய்யும் பட்டனுக்கு) இடமில்லாமல் பக்கம் பக்கமாகத் தாவ வேண்டியிருக்கும். பரபரப்பான நேரத்தில் பக்கம் மாற்றித் தேடுவது ஆபத்து. பணம் இறுக்கமென்றால் டெக்கே வாங்காமல் காம்பேனியனை ஒரு பழைய டேப்லெட்டின் உலாவியில் திறந்து தொட்டும் இயக்கலாம். பழகிப் பார்க்க அது போதும். முகூர்த்தத்துக்கு வேண்டாம். தொடுதிரையில் பார்க்காமல் விரல் வைக்க முடியாது.

விலை கேட்கும்போது 18% ஜிஎஸ்டி சேர்த்த விலையா என்று கேளுங்கள். பில்லில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணும் பொருளின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். சீரியல் எண் இல்லாத பில்லைக் கொண்டு வாரண்டி கேட்பது கஷ்டம்.

3. கேபிளும் ஃபார்மட்டும்

செட்டிநாட்டு வீடுகளில் பல, ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டவை. முகப்பிலிருந்து வளவு, இரண்டாங்கட்டு தாண்டிப் பந்திவரை கேபிள் இழுத்தால் கண்மதிப்பு எப்போதும் குறைவாகவே இருக்கும். தூண் சுற்றி, நிலைப்படி ஏறி இறங்கும் நீளத்தையும் டேப் வைத்து அளந்து, அதற்குமேல் பத்து மீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். நல்ல ஆர்ஜி6 கோஆக்சியல் கேபிளில் 1080ஐ50 (இன்டர்லேஸ் எச்டி) படம் சுமார் 100 மீட்டர் போகும். 1080பி50 (நொடிக்கு 50 முழு ஃபிரேம்) என்றால் 70 மீட்டருக்குள் நிறுத்துவது நல்லது. 4கே 12ஜி என்றால் அதைவிட வெகுவாகக் குறையும், அதற்கு ஃபைபர்தான் சரி.

டிஷ் டிவிக்குப் போடும் கேபிளில் அடாப்டர் மாட்டி எஸ்டிஐ இழுக்காதீர்கள். அதுவும் 75 ஓம்தான், ஆனால் மலிவான ரகங்களில் உள்கம்பி செம்பு பூசிய இரும்பு. பத்து மீட்டரில் படம் வரும், நாற்பதில் பொட்டு பொட்டாகத் தெறிக்கும். கேபிள் நுனியில் மாட்டும் பிஎன்சி முனையும் 75 ஓமாக இருக்கட்டும்.

ரூட்டர் ஃபார்மட்டை மாற்றித் தராது, வந்ததை அப்படியே அனுப்பும். எல்லாக் கேமராவும் ஒரே ஃபார்மட்டில், நம் ஊருக்கு 50 ஹெர்ட்ஸ் வரிசையில் இருக்க வேண்டும். வாடகைக்கு வந்த கேமரா 1080பி60இல் கிடந்தால் மானிட்டரில் படம் வரும், மிக்சரிலோ எல்இடி ப்ராசஸரிலோ கறுப்பாகிவிடும். பழி பலகைமேல் விழும். ஸ்லைடு லேப்டாப்பிலிருந்து கன்வர்ட்டர் வழியே வரும் படமும் இதே விதிக்கு உட்பட்டது. அதில் எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பாதுகாப்புள்ள வீடியோவை ஓட்டினால் கன்வர்ட்டர் படத்தை மறுத்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றிய பழைய சுண்ணாம்புச் சுவரில் டேப் ஒட்டாதீர்கள். உரிக்கும்போது மெருகு கையோடு வந்துவிடும், அதைத் திரும்பப் பூச ஆள் கிடைப்பது அரிது. ஆத்தங்குடிக் கல் தரையிலும் பசை தங்கும். ரப்பர் கேபிள் பாய் போடுங்கள், தூணில் துணி நாடாவால் கட்டுங்கள், எதுவானாலும் வீட்டு ஆச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

4. தனி நெட்வொர்க்

ரூட்டர், பலகை அல்லது காம்பேனியன் ஓடும் லேப்டாப், மிக்சர் மூன்றுக்கும் சொந்தமாக ஒரு சின்ன நெட்வொர்க் ஸ்விட்ச் வையுங்கள். வீட்டு வைஃபையை நம்ப வேண்டாம். அந்தச் சுவர்களின் கனத்தில் முகப்பு வைஃபை வளவுக்கே சரியாக எட்டாது. விருந்தாளிகள் வந்து சேர்ந்தபிறகு இருக்கிறதும் போய்விடும்.

ஐபி முகவரியைக் கையால் கொடுங்கள். ரூட்டருக்கு 192.168.10.20, லேப்டாப்புக்கு 192.168.10.30, மிக்சருக்கு 192.168.10.40, எல்லாவற்றுக்கும் சப்நெட் 255.255.255.0. ரூட்டரின் முகவரியை யுஎஸ்பி வழியே வீடியோஹப் செட்டப் மென்பொருளில் மாற்றலாம், திரை உள்ள மாடல்களில் முன்பக்க மெனுவிலேயே மாற்றலாம். மாற்றிய கையோடு முகவரியைச் சீட்டில் எழுதி அந்தந்தப் பெட்டிமேல் ஒட்டிவிடுங்கள்.

இங்கே இரண்டு பொறிகள். லேப்டாப்பை இன்டர்நெட்டுக்காகச் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைக்கும்போது அதுவும் 192.168.10 வரிசையிலேயே முகவரி கொடுத்தால், லேப்டாப் ரூட்டரை ஹாட்ஸ்பாட் பக்கம் தேடும். இணைப்பு வந்து வந்து போகும், காரணம் பிடிபடாது. கூடியவரை இந்த லேப்டாப்புக்கு இன்டர்நெட்டே கொடுக்காதீர்கள். இரண்டாவது, விண்டோஸ் புதிய நெட்வொர்க்கைப் பொது நெட்வொர்க் என்று வைத்துக்கொண்டு ஃபயர்வாலால் தடுப்பது. அதைத் தனியார் நெட்வொர்க் என்று மாற்றுங்கள். தூக்க நிலையையும் யுஎஸ்பி மின்சேமிப்பையும் அணைத்துவிடுங்கள்.

5. காம்பேனியனை ரூட்டரோடு சேர்த்தல்

எல்கேட்டோவின் சொந்த மென்பொருள் லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்தால் டெக்கை அது பிடித்துக்கொள்ளும், காம்பேனியனுக்கு விடாது. முதலில் அதை முழுதாக மூடுங்கள், லேப்டாப் எழும்போது தானாகத் திறக்காதபடியும் செய்யுங்கள்.

காம்பேனியனைத் திறந்து, உலாவியில் 127.0.0.1:8000 என்று அடித்தால் அமைப்புப் பக்கம் வரும். கனெக்‌ஷன்ஸ் பகுதியில் பிளாக்மேஜிக் வீடியோஹப் என்று தேடிச் சேருங்கள், ரூட்டரின் ஐபியைக் கொடுங்கள். வீடியோஹப் பேசும் டிசிபி போர்ட் 9990. இணைந்ததும் நிலை பச்சையாகும். பச்சை வராமல் பட்டன் வேலையைத் தொடங்காதீர்கள்.

பச்சை வந்ததும் செய்ய வேண்டிய வேலை, தாளில் உள்ள பெயர்களை ரூட்டரிலேயே லேபிளாக ஏற்றுவது. பெயர் ரூட்டரில் இருந்தால் காம்பேனியன், வீடியோஹப் கன்ட்ரோல் மென்பொருள், முன்பக்கத் திரை எல்லாம் ஒரே பெயரைக் காட்டும். பலகையில் ஒரு பெயர், ரூட்டரில் வேறு பெயர் என்றிருந்தால் உதவிக்கு வந்தவர் கட்டாயம் தடுமாறுவார்.

தனி மாட்யூல் இல்லாமல் கட்டளையை நேரடியாக எழுதி அனுப்புபவர்கள் கவனிக்க: வீடியோஹப் மொழியில் எண்ணிக்கை 0இல் தொடங்குகிறது. பின்பக்கம் 1 என்று அச்சிட்ட இன்புட் கட்டளையில் 0. பந்தி டிவிக்கு (அவுட்புட் 3) ஸ்லைடு லேப்டாப்பை (இன்புட் 5) அனுப்ப, VIDEO OUTPUT ROUTING: என்ற தலைப்பு வரிக்குக் கீழே "2 4" என்று எழுத வேண்டும். முடிவில் ஒரு வெற்று வரி விடாவிட்டால் ரூட்டர் காத்துக்கொண்டே இருக்கும்.

6. பட்டன்களை அடுக்குதல்

பலகையை இரண்டு விதமாக அமைக்கலாம். கட்-பஸ் முறையில் ஒரே ஒரு அவுட்புட்டுக்குப் பலகை முழுக்க இன்புட் பட்டன்கள் இருக்கும், தொட்டதும் மாறும். எக்ஸ்-ஒய் முறையில் முதலில் அவுட்புட், பிறகு இன்புட். கல்யாண வீட்டுக்கு எக்ஸ்-ஒய்தான் பொருந்தும்.

எட்டுக்கு நான்கு கட்டமுள்ள 32 பட்டன் டெக்கில் மேல்வரிசையில் ஏழு அவுட்புட், மூன்றாம் வரிசையில் எட்டு இன்புட், கீழ்வரிசையில் மேக்ரோ. இரண்டாம் வரிசையைக் காலியாக விடுங்கள். வீணாகத் தோன்றும், ஆனால் விரல் "எங்கே"க்கும் "எது"வுக்கும் நடுவே வழி தவறாமல் இருக்க அந்த இடைவெளிதான் காவல்.

அவுட்புட் பட்டன் ஒவ்வொன்றிலும் டெஸ்டினேஷனைத் தேர்ந்தெடுக்கும் ஆக்‌ஷனையும், இன்புட் பட்டனில் தேர்ந்தெடுத்த டெஸ்டினேஷனுக்குச் சோர்ஸை அனுப்பும் ஆக்‌ஷனையும் வையுங்கள். அடுத்து ஃபீட்பேக், அதாவது நிலையைக் காட்டும் பட்டன் நிறம்: தேர்ந்தெடுத்த அவுட்புட் மஞ்சள், அதில் இப்போது ஓடும் இன்புட் பச்சை. இந்த நிறம் ரூட்டர் திருப்பிச் சொல்லும் நிலையிலிருந்து வர வேண்டும், பட்டனை அமுக்கியதிலிருந்து வரக்கூடாது. சோதிக்க எளிய வழி உண்டு. ரூட்டரின் முன்பக்கத்திலோ வீடியோஹப் கன்ட்ரோல் மென்பொருளிலோ பாதையை மாற்றுங்கள். பலகையில் பச்சை தானாக இடம் மாறினால் அமைப்பு சரி. மாறாவிட்டால் அந்தப் பலகை காட்டும் நிறத்தை நம்பி எதையும் செய்ய முடியாது.

பெயரைச் சுருக்கமாகத் தமிழிலேயே எழுதுங்கள்: "பந்தி", "பந்தல்", "மேளம்". கேமரா 1, கேமரா 2 என்று எழுதினால் ஆள் இடம் மாறியதும் குழப்பம். "மணை", "அகலம்", "முகப்பு" என்று பார்க்கும் காட்சியை எழுதுங்கள்.

மேக்ரோ நான்கைந்துக்கு மேல் வேண்டாம். "திருப்பூட்டு" பட்டன் ஒன்று: வளவு எல்இடி, பந்தல், பந்தி மூன்றுக்கும் ப்ரோகிராமை அனுப்பி, மேளக்காரர் மானிட்டருக்கு மணை நெருக்கத்தைத் தர வேண்டும். மேளக்காரருக்கு ஏற்கெனவே அதுதான் ஓடுகிறது என்று அந்த வரியை விடாதீர்கள். நடுவில் யாராவது மாற்றியிருக்கலாம், மேக்ரோ அதைச் சரிசெய்துவிடும். "வரவேற்பு" பட்டனில் பந்தலுக்கு முகப்பு, பந்திக்கு ஸ்லைடு. "எல்லாம் கறுப்பு" பட்டனைத் தொட்டதும் வேலை செய்ய விடாதீர்கள். காம்பேனியனில் டியூரேஷன் குரூப் (அழுத்தும் நேரக் குழு) சேர்த்து ஒரு வினாடி அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடும்படி வையுங்கள்.

7. பூட்டு

ரெக்கார்டருக்கும் லைவ் என்கோடருக்கும் போகும் இரண்டு அவுட்புட்டையும் ப்ரோகிராமில் வைத்து ரூட்டரிலேயே பூட்டிவிடுங்கள். திரையில் தவறான படம் வந்தால் அடுத்த வினாடி திருத்தலாம். ரெக்கார்டரில் ஸ்லைடு பதிவானால் அந்தச் சடங்கு போனது போனதுதான். பூட்டிய அவுட்புட்டை மேக்ரோவாலும் மாற்ற முடியாது, ஆகவே மேக்ரோவில் அந்த இரண்டையும் சேர்க்காதீர்கள்.

பூட்டு, போட்ட கணினியின் பெயரில் நிற்கும். காம்பேனியன் லேப்டாப் இறந்துவிட்டால் வேறு லேப்டாப்பில் அது இன்னொருவர் பூட்டியதாகத் தெரியும், கட்டாயமாகத் திறக்க வேண்டும். அது எப்படி என்பதை முன்னாலேயே ஒருமுறை செய்து பாருங்கள். காம்பேனியன் அமைப்பில் பின் எண் பூட்டும் இருக்கிறது. வீட்டில் குழந்தைகள் ஓடியாடும், வண்ண வண்ணமாக மினுங்கும் பட்டன் அவர்களை இழுக்கும். ஆளில்லாத நேரத்தில் அதைப் போட்டுவிடுங்கள்.

8. நேரக் கணக்கு

விடியற்கால முகூர்த்தத்துக்கு அன்றைக்கே போய் அமைக்க முடியாது. லேபிளும் பட்டனும் நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன் கடையிலேயே முடியட்டும், முதல் முறைக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். கேபிள் முந்தைய நாள் பகலில், அரை நாள் பிடிக்கும். மாலையில் ஒரு மணி நேரம் சோதனை. ஒருவர் பலகையில் இருக்க, இன்னொருவர் திரை திரையாக நடந்து போனில் சொல்ல வேண்டும். "அண்ணே, பந்தியில முகப்பு வருது" என்றதும் தாளில் ஒரு டிக். ஏழு அவுட்புட்டிலும் எட்டு இன்புட்டையும் பார்க்க 56 டிக். அலுப்பான வேலைதான், ஆனால் மாற்றிச் செருகிய கேபிள் இங்கேதான் அகப்படும்.

அதே மாலையில் மெயின் மின்சாரத்தை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும் சில வினாடிகளில் ரூட்டர், நெட்வொர்க் ஸ்விட்ச், லேப்டாப் மூன்றும் யுபிஎஸ்ஸில் நிற்க வேண்டும். ஸ்விட்சை மட்டும் யுபிஎஸ்ஸில் போட மறப்பது வழக்கம். படம் ஓடிக்கொண்டிருக்கும், பலகை செத்திருக்கும். பலகையை வளவின் திறந்த பகுதியில் வைக்காதீர்கள். பத்து மணி வெயிலில் பட்டன் நிறம் எதுவும் தெரியாது. பட்டாலை (கூரையுள்ள தாழ்வாரப் பகுதி) நிழலில் வையுங்கள்.

கோயில் விழாவென்றால் கேபிளுக்கும் கேமரா இடத்துக்கும் நிர்வாகத்திடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கி, அந்தக் கடிதத்தின் நகலைப் பலகைப் பெட்டியிலேயே வையுங்கள்.

9. கோளாறு வந்தால் பார்க்கும் வரிசை

பட்டன் அமுக்கியும் படம் மாறவில்லையா? பச்சை நிறம் மாறியதா என்று பாருங்கள். மாறியிருந்தால் பலகையும் ரூட்டரும் சரி, கோளாறு கேபிளிலோ திரையிலோதான். சோதனை மானிட்டருக்கு அதே இன்புட்டை அனுப்பினால் எந்தப் பக்கம் என்று உடனே தெரியும். நிறமும் மாறவில்லை என்றால் அவுட்புட் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள், அடுத்து காம்பேனியனில் இணைப்பு பச்சையா, அதற்கடுத்து நெட்வொர்க் கேபிள் விளக்கு. டெக்கே இருண்டுபோனால் யுஎஸ்பியைக் கழற்றி நேரடியாக லேப்டாப்பில் செருகுங்கள், மலிவான ஹப்கள் சூட்டில் கைவிடும்.

மாறும் நொடியில் திரை ஒரு கணம் துள்ளினால் அது பழுதல்ல. கேமராக்கள் ஒரே ரெஃபரன்ஸில் (பொதுவான நேரத் துடிப்பில்) ஓடாததால் வருவது. ரூட்டருக்கும் கேமராக்களுக்கும் பிளாக் பர்ஸ்ட் அல்லது ட்ரை-லெவல் சிங்க் கொடுத்தால் குறையும். அந்த வசதி இல்லாத கேமராக்களை மிக்சர் வழியாக மட்டும் பெரிய திரைக்கு அனுப்புங்கள்.

எல்லாமே கைவிட்டால் ரூட்டரின் முன்பக்கப் பட்டனிலோ யுஎஸ்பியில் மாட்டிய கணினியின் வீடியோஹப் கன்ட்ரோல் மென்பொருளிலோ கையால் மாற்றலாம். பலகை போனதால் ஓடுகிற படம் நிற்காது, ரூட்டர் கடைசியாகச் சொன்ன பாதையிலேயே இருக்கும்.

10. பிரிக்கும் முன்

காம்பேனியன் அமைப்பை எக்ஸ்போர்ட் செய்து ஊர், தேதியோடு பெயரிட்டு ஒரு பென் டிரைவில் போடுங்கள். இன்னொரு லேப்டாப்பில் அதை ஏற்றித் திறந்தும் பாருங்கள், திறந்து பார்க்காத நகலை நம்ப முடியாது. ரூட்டர் லேபிள்களையும் பாதைகளையும் வீடியோஹப் கன்ட்ரோல் மென்பொருளில் சேமித்துக்கொள்ளுங்கள். பூட்டுகளைத் திறந்துவிட்டு மின்சாரத்தை அணையுங்கள்.

வண்டியில் ஏற்றும்போது பெட்டிகளின் சீரியல் எண், எண்ணிக்கை, மதிப்பு எழுதிய டெலிவரி சலானை ஓட்டுநரிடம் கொடுங்கள். பெங்களூர், கொச்சி என்று மாநிலம் தாண்டினால் மதிப்பு 50,000 ரூபாயைக் கடந்ததும் இ-வே பில் வேண்டும். பில் நகல்களும் கூடவே போகட்டும். எழுதிய இன்புட் அவுட்புட் தாளை எறியாதீர்கள். அதே வீட்டில் அடுத்த விசேஷம் வந்தால் கேபிள் நீளம் முதற்கொண்டு எல்லாம் அதிலேயே இருக்கும்.